காத்தாடி வீட்டுச் சம்பந்தம்

குத்துக்கல்வலசை, தென்காசி.
ஆவணி மாதம், வியாழக்கிழமை. நல்ல நேரம் பார்த்துத் தொடங்கியது.

வளைகுடா நாட்டுச் சோஹார் நகரத்துப் பெரிய கெமிக்கல் கம்பெனியில் பொறுப்பான வேலை பார்த்துவரும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை திரு. விஜயசங்கர் அவர்களுக்கு, மாமனார் ஞானசம்பந்தம் எழுதிக்கொள்வது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கு நானும், உங்கள் அத்தை மங்களேஸ்வரியும், என் மகளும் தங்கள் மனைவியுமான குழல்வாய்மொழியும், தொழிற்சாலையிலுள்ள தொட்டிகளும் பம்பும் யாவரும் நலம். அங்கு தாங்களும், தங்கள் அறையில் இருந்துகொண்டு சமைக்காமல் சாப்பிட மட்டும் செய்கிற அந்த நண்பரும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் எதைச் சொன்னாலும் தாங்கள் "சரி மாமா, சரி மாமா" என்கிறீர்கள். எதற்குச் சரி, எவ்வளவு சரி என்று எனக்கு விளங்குவதில்லை. ஒருநாள் கிரைண்டர் கல் உடைந்துவிட்டது என்று சொன்னதற்கும் "ரொம்பச் சரி மாமா" என்றீர்கள். ஆகையால் நடந்ததையெல்லாம் எழுத்தில் வைத்துவிடுவதே உத்தமம் என்று முடிவு செய்தேன். மசூது பாய் என்று ஒருவர் பின்னால் வரப்போகிறார். அவருடைய மருமகன் முகம்மது சலீம் லீவு முடிந்து அடுத்த வாரம் சோஹார் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உங்கள் அத்தை நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்புகிறாள். அதற்காவது "சரி" என்று சொல்லாமல் நன்றாயிருந்தது என்று சொல்லுங்கள்.

தாங்களே நின்று கட்டிய தொழிற்சாலையைப் பற்றித் தங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நான் சர்க்கார் ஆபீஸில் காலம் தள்ளியவன், முன்கதை எழுதாமல் எனக்குப் பேனா ஓடாது. தூத்துக்குடி உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் கரண்டை விட்டால் பிளீச்சிங் தண்ணீர் ஆகிறது. அதைக் கேனில் அடைத்துக் குற்றாலத்து லாட்ஜுகளுக்கும், நீச்சல் குளங்களுக்கும், சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துத் தொட்டிகளுக்கும் கொடுக்கிறோம். உப்புக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. கரண்டுதான் நம்மைத் தின்றது. வருவதையெல்லாம் பில்லுக்குக் கட்டிவிட்டு, கடைசியில் தன் தொழிற்சாலை நடக்கவேண்டும் என்பதற்காக அதன் முதலாளியே இன்னொரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன கதை நம் வீட்டில்தான் நடந்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "கரண்டுக்கு ஒரு வழி பிறந்தா கிளம்பி வந்துருவேன் மாமா" என்றீர்கள். குழல் அழவில்லை. கார் புளியரை வந்து சேரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மாப்பிள்ளை இந்த வீடு நிற்கிறது. நான் கீழே எழுதப்போகும் கூத்தெல்லாம் அதற்காகத்தான்.

வைகாசியில் மசூது பாய் வந்தார். தென்காசியில் ஜவுளி வியாபாரக் குடும்பம், ரொம்ப காலம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர், வீ.கே.புதூர் பக்கம் ஒரு காத்தாடி வாங்கிப் போட்டிருக்கிறார். வீட்டில் சீலிங்கில் சுத்துகிற காத்தாடி இல்லை, பனைமரத்தைப் போல நாலைந்து மடங்கு உயரத்தில் நின்று கரண்டு எடுக்கிற காத்தாடி. டீயைக் கையில் வாங்கியதும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, உங்க மகளுக்கு வேண்டியது கட்டுப்படியாகுத கரண்டு. எனக்கு வேண்டியது வருஷா வருஷம் மாறாம கரண்டு எடுக்குத ஒரு ஆளு. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டா என்ன?"

"உங்க காத்தாடி எங்கனயோ நிக்குது. அங்கன இருந்து இங்கன வரைக்கும் கம்பி யாரு இழுக்கது?"

"கம்பியே வேண்டாம். நான் ஈ.பி. லைன்ல விடுவேன், நீங்க ஈ.பி. லைன்ல எடுப்பீங்க. லைனுக்கு வாடகை குடுத்துட்டு கணக்குல கழிச்சுக்கிட வேண்டியதுதான்."

"அப்ப எங்களுக்கு வருதது உங்க கரண்டுதான்னு எப்படித் தெரியும்?"

"பேங்க்ல போட்ட அதே நோட்டையா அண்ணாச்சி திரும்ப எடுக்கீங்க?"

நான் இன்னொரு டீ சொன்னேன். அப்புறம் குழல் விளக்கினாள். இப்படிக் கரண்டு வாங்குகிறவர்கள் சட்டப்படி அந்தக் காத்தாடியிலேயே பங்கு வைத்திருக்க வேண்டுமாம், கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அத்தை முன்னால் வந்துவிட்டாள்.

"மூணு ரெக்கை இருக்குமே, அதுல நம்மது எது?"

"கால் பங்கும் கொஞ்சமும்னா ஒரு ரெக்கைக்கும் கம்மியாத்தான்மா வரும்" என்று குழல் சிரித்தாள்.

"கம்மின்னா நறுக்கியா குடுப்பாக? முழுசா ஒண்ணு கேட்டு வாங்குட்டி."

ஒருத்தர் கொடுக்க, ஒருத்தர் வாங்க, வாங்குகிறவர் கொடுக்கிறவர் வீட்டிலேயே பங்காளியும் ஆகி, வருஷக்கணக்கில் பிரியக்கூடாது என்று எழுதியும் வைத்துக்கொண்டால் அதற்கு நம் பக்கத்தில் என்ன பெயர் மாப்பிள்ளை? சம்பந்தம் என்றுதான் பெயர். அதனால் நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். நான் செய்த காரியம் அவ்வளவுதான். பேச்சுவார்த்தை முடிந்து பத்திரம் தயாராகும்போது ஆனி பாதி ஓடிவிட்டது. மிச்சமிருந்த நாட்களில் ஒன்று அஷ்டமி, ஒன்று கரிநாள், ஒன்று எனக்குச் சந்திராஷ்டமம், அதைத் தாண்டினால் உங்கள் அத்தைக்குச் சந்திராஷ்டமம், அவளையும் தாண்டினால் ஆடி. ஆடியில் யாராவது சம்பந்தம் செய்வார்களா? ஆவணியில் கையெழுத்து என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஒரு காரியத்தைத் தள்ளிப் போட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், எனக்குப் பென்ஷன் வருவதே அதற்காகத்தான் என்று உங்கள் அத்தை சொல்வாள்.

"அப்பா, காத்து ஆடியிலதான் அடிக்கும். சீசனும் அப்பதான். லாட்ஜுக்காரங்க எல்லாம் கேனுக்குப் பறப்பாங்க. ஆவணி போகப்போகக் காத்து ஓஞ்சுரும். ஆடிய விட்டுட்டுக் காத்தாடிய வாங்கி வச்சு என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"நல்ல காரியத்துக்கு ஆடி ஆகாதுட்டி."

"அது காத்துக்குத் தெரியுமா?"

"காத்துக்குத் தெரியாட்டா என்ன? நமக்குத் தெரியணும்லா!"

அவள் உள்ளே போய்விட்டாள். மசூது பாயோ, "சரி அண்ணாச்சி, உங்க இஷ்டம்" என்று சொல்லி, டீக்கு இன்னும் கொஞ்சம் சீனி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார். ஒரு வியாபாரி இவ்வளவு சாதுவாக எழுந்து போனது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அந்த ஆடியை நான் என்னவென்று எழுதுவேன்! இப்படியொரு சாரல், இப்படியொரு காற்று சமீபத்தில் கண்டதில்லை. உங்க அத்தை காயப்போட்ட என் வேட்டி, எதிர்ப் பிளாட்டுல புதுசா எழும்புற வீட்டு மொட்டைமாடிக் கம்பியில போய் மாட்டிக்கிட்டு, கட்சி மாநாடு மாதிரி மூணு நாளாப் பறந்தது. குற்றாலத்துல எல்லா அருவியும் கொட்டுது, கூட்டம் தாங்கல, லாட்ஜுல எல்லாம் இடமில்ல. ஒவ்வொரு தடவை காத்து வந்து ஜன்னலை அடிக்கும்போதும், "ஏ ஞானசம்பந்தம், என்னை வேண்டாம்னவன் நீதானா?"ன்னு கேக்குற மாதிரியே இருக்கும். போதாக்குறைக்கு நம்ம தொழிற்சாலை ஓய்வே இல்லாம ஓடுது. கேன் நிரப்புற இசக்கியம்மாள் நின்னுக்கிட்டே சாப்பிடுதா. கரண்டு பில்லு என்னத்துக்கு ஆகும், என் மேல உள்ள கோபத்துல இந்தப் பிள்ளை நஷ்டத்துக்கு ஓட்டுதாளேன்னு எனக்குச் சோறு இறங்கல. கேட்டா, "பாத்துக்கிடலாம்பா"ங்கா. கோபத்துல இருக்கிறவ விசில் அடிச்சுக்கிட்டா பம்பைத் துடைப்பான்னு அப்பவே நான் யோசிச்சிருக்கணும்.

கையெழுத்துக்குத்தானே ஆடி ஆகாது, போய்ப் பாக்கிறதுக்குத் தோஷமில்லன்னு நானே ஒரு விதி சொல்லி, மசூது பாய் கார்லயே எல்லாரும் காத்தாடியைப் பாக்கப் போனோம். உங்க அத்தை சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துக்கிட்டா. நாங்க போன நேரம் ஏதோ கிரீஸ் போடுறதுக்காக அதை நிறுத்தி வச்சிருந்தாங்க. உங்க அத்தை அண்ணாந்து பாத்து, "பாய், நம்ம ரெக்கை எது?"ன்னு கேட்டுட்டா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவரு கொஞ்சமும் சிரிக்காம, "கீழ தொங்குதுல்லா, அதுதான் அக்கா உங்களது" என்றார். கீழ தொங்குதுன்னாலும் அது எட்டாத உயரம்லா? அதனால தூண் கதவுக்குப் பொட்டு வச்சு, கைப்பிடியில எலுமிச்சம்பழத்தைக் கட்டினா. அதுக்குள்ள மெஷினை ஓட விட்டுட்டாங்க. நம்ம ரெக்கை மத்ததோட கலந்து போயிரக்கூடாதேன்னு உங்க அத்தை அதையே விடாம கண்ணால சுத்திச் சுத்திப் பாத்து, தலை கிறுகிறுத்துப் பொத்துன்னு உக்காந்துட்டா. சோடா வாங்கிக் குடுத்து கார்ல ஏத்தினோம். வர்ற வழியில கண்ணை மூடிக்கிட்டே சொல்லுதா: "நம்ம ரெக்கைதாங்க நல்லாச் சுத்துது. மத்த ரெண்டும் சும்மா கூட வருது."

அடுத்த இடி சிவசைலம் ரூபத்துல வந்தது. நம்ம ஏரியா பிளாட் புரோக்கர்தான். காம்பவுண்டு சுவரைத் தட்டிப் பாத்துக்கிட்டே உள்ள வந்தான். "மாமா, தொழிற்சாலை இடத்தை விட்டுக் குடுங்க, 'சாரல் நகர்'னு போர்டு வச்சா ஒரே வாரத்துல வித்துரும். நீங்க காத்தாடியை நம்பிக்கிட்டு இருக்காதீங்க. மசூது பாய் ஒரு ஸ்பின்னிங் மில் முதலாளியோட சுத்துதாரு. பழக்கூடை எல்லாம் போகுதாம்" என்று சொல்லிட்டு, பாதிச் சுவரை அப்பவே கண்ணால இடிச்சுட்டுப் போனான். எனக்குக் காலும் ஓடல, கையும் ஓடல. பழக்கூடை போகுதுன்னா நிச்சயதார்த்தம் ஆயிட்டு மாதிரிதானே! தலைச்சூடு தாங்காம பஸ் ஏறிக் குற்றாலத்துக்குப் போயிட்டேன். ஒரு எண்ணெய்க் குளியல் போட்டா புத்தி தெளியும்னு நினைச்சேன்.

எண்ணெய் தேய்க்கிறவர் என்னைக் குப்புறப் போட்டு முதுகுல நாலு அறை விட்டதும் கழுத்தைத் திருப்பிப் பாக்கேன், பக்கத்துப் பலகையில மசூது பாய்! அவருக்கு அந்தப் பக்கம் தொந்தியும் தொப்பையுமா ஒரு ஆசாமி. மில் முதலாளிதான், சந்தேகமே இல்ல. மூணு பேரும் துண்டோட கிடக்கோம், தலை முதல் கால் வரை எண்ணெய். அந்த நிலைமையில மனுஷன் நியாயம் கேக்க முடியுமா? ஆனா கேட்டேன்.

"பாய், வேற இடத்துல சம்பந்தம் பேசுதீங்களாமே!"

"யாரு சொன்னா அண்ணாச்சி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், எண்ணெய்க்காரர் என் முதுகெலும்பை ஒரு அமுக்கு அமுக்கினார், "ஹக்"னு ஒரு சத்தம்தான் வந்தது. ஆத்திரத்துல எழும்பினேன் பாருங்க, கால் வழுக்கி நேராப் போய் அந்த மில் முதலாளி மேலயே விழுந்துட்டேன். பிடிச்சு எழும்பலாம்னா அவரும் வழுக்குதாரு, நானும் வழுக்குதேன். ரெண்டு பேரையும் பிரிச்சு எடுக்க நாலு ஆள் வேண்டியதாப் போச்சு. "யாரு பாய் இவரு?"ன்னு அவரு மூச்சு வாங்கக் கேட்டாரு. மசூது பாய் எழுந்து உக்காந்து, நிதானமா, "எங்க பங்காளி" என்றார்.

மரியாதைக்குச் சொல்லுதாருன்னு நினைச்சேன். அந்த வார்த்தை நெஞ்சுல போய்க் குத்திட்டு. அப்படியே அருவியில போய் நின்னேன். அருவியில நின்னு அழுததுல ஒரு வசதி மாப்பிள்ளை, யாருக்கும் தெரியாது. கட்டின புருஷனை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்து இந்தப் பிள்ளை தனியாளா நின்னு தொட்டியைக் கட்டி ஆளுது, வழி ஒண்ணு வாசல் வரைக்கும் வந்தது, அதையும் நான் பஞ்சாங்கத்துக்குள்ள வச்சு மூடிட்டேனேன்னு அழுதேன். பின்னால நின்னவரு, "பெரியவரே, நாங்களும் குளிக்கணும்லா"ன்னு தள்ளினதும்தான் வெளிய வந்தேன். டீக்கடையில மசூது பாய் எனக்காகக் காத்துக்கிட்டு நின்னாரு. சூடா மிளகாய் பஜ்ஜியைக் கையில குடுத்து, "அண்ணாச்சி, என் காத்தாடியை நான் வேற யாருக்கும் குடுக்கல. மில்காரரு என் மச்சான் காத்தாடியைக் கேட்டு வந்திருக்காரு. ஆவணி பிறக்கட்டும், நீங்க சொன்ன நாள்ல நடக்கும்" என்றார். ஒரு முழுச் சீசன் காத்து வீணாப் போச்சே, உங்களுக்குக் கோபமில்லையான்னு கேட்டேன். "ஒண்ணும் வீணாப் போகல" என்றார். பெருந்தன்மையான மனுஷன்.

ஆக, நேத்து புதன்கிழமை, முகூர்த்தம் அமைஞ்சது. தொழிற்சாலை ஆபீஸ் ரூம்லதான் வச்சோம். நம்ம தட்டுல தேங்காய், வெத்திலை பாக்கு, பூ. அவங்க தட்டுல பேரீச்சம்பழம், அல்வா. தட்டு மாத்தியாச்சு. குழல் கையெழுத்துப் போட்டா, மசூது பாய் போட்டாரு, நான் சாட்சின்னு என் ஊதா மைப் பேனாவால சுழிச்சுப் போட்டேன். போட்டு முடிக்கவும் கரண்டு போகவும் சரியா இருந்தது. கரண்டுக்காகக் கையெழுத்துப் போடுத இடத்துல கரண்டு இல்ல! புழுக்கம் தாங்காம ஜன்னலைத் திறந்தேன். ஓஞ்சு போச்சுன்னு சொன்னாங்களே அந்தக் காத்து, எங்கன இருந்துதான் வந்ததோ, கடைசித் தாளை அலாக்காத் தூக்கிக்கிட்டுப் போய் வெளிய பிளீச்சிங் தொட்டியில போட்டுட்டு. இசக்கியம்மாள் கம்பை விட்டு எடுத்துக் குடுத்தா. அச்சடிச்ச எழுத்து அத்தனையும் அப்படியே இருக்கு, பேனாவால போட்டது மட்டும் சுத்தமா வெளுத்துப் போச்சு. சம்மதம் இருக்கு, சம்மதிச்சவங்களைக் காணோம். நான் தலையில கையை வச்சு உக்காந்துட்டேன். இந்தப் பிள்ளை என்னடான்னா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. "நம்ம சரக்கு நயம்னு இப்பவாவது நம்புங்கப்பா"ங்கா. மசூது பாயும் கண்ணுல தண்ணி வரச் சிரிக்காரு. கடிகாரத்தைப் பாத்தா பன்னிரண்டு. ராகுகாலம் பிறந்தாச்சு.

"நாளைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். சொல்லும்போதே அருவியில நின்னது ஞாபகம் வந்துட்டு. மசூது பாய் என் பேனாவை எடுத்து நீட்டினாரு. "காத்துக்கு ராகுகாலம் ஏது அண்ணாச்சி? அது பாட்டுக்கு அடிக்கும்" என்றார். வேற தாள்ல எல்லாரும் திரும்பப் போட்டோம். ராகுகாலத்துல நான் போட்ட முதல் கையெழுத்து இதுதான் மாப்பிள்ளை. ஆனா இடி ஒண்ணும் விழல. கரண்டுதான் வந்தது.

ஆகவே மாப்பிள்ளை, கரண்டுக்கு வழி பிறந்துட்டு. காத்து குறையுத மாசங்களுக்குக் கூரை மேல சோலார் தகடு போட்டு, அதையும் ரெண்டு வீடுமாச் சேந்தே செய்யலாம்னு மசூது பாய் சொல்லுதாரு. அதுக்கெல்லாம் கெமிக்கலும் தெரிஞ்சு கரண்டும் தெரிஞ்ச ஒரு ஆள் இங்கன இருக்கணும்லா? தாங்கள் ஏர்போர்ட்டில் சொன்ன வாக்கை நான் ஞாபகப்படுத்துவதாக நினைக்கக் கூடாது, ஞாபகப்படுத்தத்தான் செய்கிறேன். வந்துவிடுங்கள். ஆனால் நாள் பார்த்துக் கிளம்ப வேண்டும். திங்களும் சனியும் கிழக்கே சூலம். வியாழன் தெற்கே சூலம், விமானம் கிழக்கும் தெற்குமாகத்தானே வருகிறது. வெள்ளி தங்களுக்குச் சந்திராஷ்டமம். செவ்வாய் மட்டும் கனவிலும் கூடாது. மிச்சம் புதனும் ஞாயிறும். அதிலும் ராகுகாலம் இல்லாத விமானமாகப் பார்த்து டிக்கெட் போடவும்.

தாங்கள் தீர்க்காயுசும் திடகாத்திரமுமாக, காற்றும் சாரலும் தவறாத இந்த மண்ணில் என் மகளோடு சேர்ந்து நெடுநாள் வாழ்ந்து, தொட்டிக்கு மேல் தொட்டி கட்ட வேண்டும் என்று குற்றாலநாதரைப் பிரார்த்திக்கும்,

தங்கள் மாமனார்,
ஞானசம்பந்தம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிச்சுக் கவர்ல போடும்போது குழல் வந்துட்டா. வாங்கிப் படிச்சா. படிச்சுட்டு என் பக்கத்துல தரையில உக்காந்தா. "அப்பா, திட்டக் கூடாது. ஆனி மாசமே நாங்க கம்ப்யூட்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு. ஆடி பூரா நம்ம தொட்டியில ஓடுனது மசூது மாமா காத்தாடிக் கணக்குதான்" என்றாள். அப்ப நேத்து நடந்தது என்னட்டின்னேன். "மசூது மாமாதான் சொன்னாக. அண்ணாச்சி மனசுக்கு அவுக பாத்த நாள்லயும் ஒருதடவை நடந்துரட்டும், அவுக இல்லாம என்ன சம்பந்தம்னு." உங்க அத்தைக்கும் தெரியுமாம். தெரிஞ்சுக்கிட்டேதான் ரெக்கை கேட்டிருக்கா. அந்த ஆனி மாசப் பத்திரத்துல உங்க கையெழுத்தும் இருக்காம். நீங்க போன்ல "சரி மாமா, சரி மாமா"ன்னு சொன்னது எதுக்குன்னு இப்பத்தான் எனக்கு விளங்குது.

ஆக, மேலே எழுதினது எதுவும் உங்களுக்குப் புதுசில்ல, எனக்குத்தான் புதுசு. கொஞ்ச நேரம் கோபமா இருக்கப் பாத்தேன், முடியல. வேலையை விட்டுட்டீங்களாம், டிக்கெட்டும் போட்டாச்சாம். இதையும் இப்பத்தான் சொல்லுதா. சலீம் அங்கன வந்து சேரும்போது நீங்க இங்கன இருப்பீங்க. அதனால இந்தக் கடிதத்தை அவர் கையில குடுக்கல, நானே ஏர்போர்ட்ல உங்க கையில தாரேன், கார்ல வரும்போது படிங்க. ஊறுகாயை வீட்டுல வந்து சாப்பிடுங்க.

டிக்கெட்டை வாங்கிப் பாத்தேன். செவ்வாய்க்கிழமை. விமானம் கிளம்புதது நல்ல ராகுகாலம். குழல் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. மாத்திப் போடச் சொல்லிருவேனோன்னு பயம் அவளுக்கு. செவ்வாய்க்கிழமையே வாங்க மாப்பிள்ளை, ராகுகாலத்துலயே ஏறுங்க. குழலும் நானும் வெள்ளன வந்து வாசல்லயே நிப்போம்.